ஊசி முறிந்தால் பதிவேடு உண்டு

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் தையல், செக்கிங், பிறகு ஆடிட் (தொழிற்சாலை ஆய்வு) மொழிபெயர்ப்பு என்று 14 ஆண்டுகள் வேலை பார்த்த அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (கல்லூரி மாணவி): ராணா பிளாசா பற்றி வகுப்பில் படித்ததிலிருந்து புதுச் சட்டை வாங்கவே கை கூசுகிறது அக்கா. பெரிய பிராண்டுகளை வாங்குவதை நிறுத்திவிட்டேன். தோழிகளையும் நிறுத்தச் சொல்கிறேன். நான் செய்வது சரியா?

கை கூசுகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கூச்சத்தை விட்டுவிடாதே. 2013 ஏப்ரல் 24 காலை, வங்கதேசத்தில் டாக்கா அருகே சாவரில், ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய அந்த எட்டு மாடிக் கட்டடம் சரிந்து 1,134 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டன. தையல்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று சிலரை மிரட்டியும் இருக்கிறார்கள். விரிசலைப் பார்த்த பிறகும் ஒருத்தி ஏன் உள்ளே போனாள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாதக் கடைசியில் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டால் நானும் போயிருப்பேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நிறுத்து என்று நீ சொல்கிறாய். தைக்கிறவள் நிறுத்தச் சொன்னாளா?

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். குழந்தைகள் உழைத்துச் செய்த பொருள் தங்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல எண்ணம்தான். மசோதா சட்டமாகவே இல்லை. ஆனால் அந்தப் பயத்திலேயே வங்கதேசத் தொழிற்சாலைகள் பல்லாயிரக்கணக்கான குழந்தைகளை வெளியே அனுப்பின. அதில் சிறுமிகள்தான் அதிகம். அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை, கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள் என்று யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. 1995இல் தொழிற்சாலை உரிமையாளர்கள், ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு), யுனிசெஃப் மூவரும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்த பிறகுதான் ஓரளவு சீரானது. கதவை மூடுவதற்கு முன் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், இம்மோகலீ என்ற ஊரில் தக்காளி பறிப்பவர்கள் 2001இல் டாகோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொல்லி அவர்களே அழைப்பு விடுத்தார்கள். என்ன வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள்: ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதல், அது பறிப்பவர் கைக்கு வரவேண்டும். நான்கு ஆண்டு ஆனது, 2005இல் நிறுவனம் இறங்கி வந்தது. அந்தப் போராட்டத்திலிருந்து வளர்ந்த திட்டத்தில், வயலில் பெண்மேல் கை வைக்கிற மேஸ்திரியைப் பண்ணை வேலையிலிருந்து நீக்காவிட்டால் பெரிய நிறுவனங்கள் அந்தப் பண்ணையின் தக்காளியையே வாங்க முடியாது. 2014இல் வால்மார்ட்டும் அதில் சேர்ந்தது.

உழைப்பவர்கள் கூப்பிட்டால் புறக்கணி, உயிரைக் கொடுத்துப் புறக்கணி. கூப்பிடாதபோது குறைவாக வாங்கு, கிழியும்வரை போடு, அது உன் விருப்பம். ஆனால் வாங்குவதை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் நீ நிறுத்தியது அந்த நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது. கடிதம் எழுது. எந்தத் தொழிற்சாலைகளில் தைக்கிறீர்கள், பெயரும் முகவரியும் வெளியிடுவீர்களா, அங்கே சங்கம் இருக்கிறதா என்று கேள். பதில் வராது, மறுபடி எழுது. தோழிகளையும் எழுத வை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): குறை சொல்வது எளிது. இந்த வேலையும் இல்லாவிட்டால் அந்தப் பெண்களின் கதி என்ன? எதுவும் இல்லாததைவிட இது மேல் அல்லவா?

ஐயா, முதல் பாதியை நான் மறுக்கமாட்டேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கினேன். அதுவரை யார் சட்டையோ தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவார். கண்ணாடி போட்ட அன்று தானே கோத்துவிட்டு என்னைப் பார்த்தார். யாரிடமும் கேட்காமல் என் கையால் கொடுத்த காசு அது. அந்த மாதிரி ஒரு நாள் லட்சக்கணக்கான பெண்களுக்கு இந்தத் தொழிலால் வந்திருக்கிறது.

இரண்டாம் பாதியோடு எனக்குச் சண்டை உண்டு. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. போகும்போது பையைச் சோதிக்க ஒரே வழியாக அனுப்புவார்கள். அந்தப் பெண்களுக்கும் ஊரில் இருந்ததைவிட அது மேலான வேலைதான். அதற்காகக் கதவைப் பூட்டலாமா?

தீயைத் தெருவில் நின்று நேரில் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சஸ் பெர்கின்ஸ். பிறகு 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைக்குச் செயலாளரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். தீக்குப் பிறகு நியூயார்க்கில் தொழிற்சாலைச் சட்டங்கள் வரிசையாக வந்தன. தொழில் அழிந்துவிடும் என்று அப்போதும் சொன்னார்கள். தொழில் நடந்தது. வேலையும் வேண்டும், திறந்த கதவும் வேண்டும் ஐயா. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று எங்களிடம் கேட்காதீர்கள்.

கேள்வி (வாசகி): தையலுக்கும் எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளிக்கும் ஏன் பெண்களையே எடுக்கிறார்கள்? விரல் மென்மையாக இருப்பதாலா?

விரலில் ஒன்றும் இல்லை. பத்து வயதிலிருந்து வீட்டில் இலவசமாகப் பழகியதைத் திறமை என்று யாரும் எழுதுவதில்லை, சம்பளமும் அதற்குத் தகுந்தாற்போல்தான். அதே லைனில் கணினி மெஷின் வந்திறங்கினால் அதை ஓட்ட ஆணைக் கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது விரல் மறந்துபோகும்.

கேள்வி (புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்): ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் (விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்கும்) பிரிவில் சேர்ந்திருக்கிறேன். ஆடிட் முடிந்து சான்றிதழ் வாங்கிய இடங்களிலேயே விபத்து நடக்கிறதே, எப்படி? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்களுக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். உங்கள் இடத்தில் ஒரு நல்ல ஆள் இருந்தால் ஒரு லைனே மூச்சு விடும்.

ஆடிட்டுக்கு முந்தைய நாள் எங்கள் தொழிற்சாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தீ வெளியேறும் வழியில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் காணாமல் போகும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு வரும். கழிப்பறையில் சோப்பு வரும். அந்தச் சோப்பு மூன்றாம் நாள் இருக்காது. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பதிவேடு இரண்டு இருக்கும், ஒன்று மேஜைமேல், ஒன்று பீரோவுக்குள். காலையில் லைன் லீடர் வந்து, "என்ன கேட்டாலும் எட்டு மணி நேரம், ஞாயிறு லீவு, சரியா?" என்று ஒப்பிக்க வைப்பார்.

மொழிபெயர்க்க உட்கார்ந்த ஒரு நாள் எனக்கு மறக்காது. ஆடிட்டர் நல்லவர், மரியாதையாகத்தான் கேட்டார்: இங்கே யாராவது உங்களைத் திட்டுவதுண்டா? எதிரே இருந்த பெண் தன் கையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற சூப்பர்வைசரின் கால் செருப்பைப் பார்த்தாள். "இல்லைங்க மேடம், எல்லாம் நல்லா இருக்கு" என்றாள். நான் அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்தேன். அந்தப் பார்வையை மொழிபெயர்க்கவில்லை. என் வேலை சொற்களோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மதியம் கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "நீங்க சாயங்காலம் போயிடுவீங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ.8000 என்ற, தொழிலாளர் நிலைமைக்கான பெயர்பெற்ற சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே பிடித்த தீயில் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேற வழி இல்லை. கம்பி ஒரே மாதத்தில் முளைத்திருக்காது.

ஆடிட்டுக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் தொழிற்சாலை அல்லது பிராண்டு. அறிக்கை அவர்களுக்கே போகிறது. தைக்கிறவள் அதைப் படித்ததே இல்லை. சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அதில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

உங்கள் தொழிற்சாலையில் ஊசிப் பதிவேடு இருக்கும், கட்டாயம் இருக்கும். மெஷினில் ஊசி முறிந்தால் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து, ஒரு தாளில் செல்லோடேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தால் அந்தப் பண்டல் முழுவதையும் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சட்டையைப் போடப்போகிற குழந்தையைக் குத்திவிடக்கூடாது என்பதற்காக. நல்ல விதி, நானும் தரையில் மண்டியிட்டுத் துண்டு தேடியிருக்கிறேன். ஒரு தடவை என் ஆள்காட்டி விரல் நகத்துக்குள்ளேயே ஊசி இறங்கி முறிந்தது. மூன்றாவது துண்டு விரலுக்குள் இருந்தது. அதையும் எடுத்து, துடைத்து, தாளில் ஒட்டினார்கள். ஊசியின் கணக்கு சரியாக முடிந்தது. விரலைப் பற்றி எழுத ஒரு நோட்டு அங்கே இல்லை. துணி சுற்றிக்கொண்டு டார்கெட்டை முடித்தேன்.

ஊசிக்கு அந்த விதி எப்படி வந்தது தெரியுமா? ஆடைக்குள் துண்டு கிடைத்தால், ஆர்டர் கொடுத்து வாங்குகிற பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவார். நஷ்டம் உண்டு, அதனால் ஒழுங்கு உண்டு. அதே மாதிரி ஒரு நஷ்டத்தை எங்கள் விரலுக்கும் எங்கள் மானத்துக்கும் வைத்தால் எல்லாம் நடக்கும். வைத்துப் பார்த்திருக்கிறார்கள், நடந்தும் இருக்கிறது. ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் பிராண்டுகளும் உலகத் தொழிற்சங்கங்களும் அக்கார்டு என்ற ஒப்பந்தம் போட்டன. 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்திட்டன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். ஆய்வு அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கதவு, படிக்கட்டு, மின்கம்பி, தூண் என்று 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பார்த்தார்கள், பழுது பார்க்கவும் வைத்தார்கள்.

ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்ற சின்ன நாட்டில், ஜீன்ஸ் தைக்கிற பெண்களிடம் வேலை நீட்டிப்புக்கு உடலைக் கேட்டார்கள் சூப்பர்வைசர்கள். அங்கேயும் ஆடிட்கள் நடந்திருந்தன. 2019இல் லீவைஸ் உள்ளிட்ட மூன்று பிராண்டுகள், தொழிற்சாலை உரிமையாளர், சங்கங்கள், பெண்கள் அமைப்புகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. புகாரை விசாரிப்பது தொழிற்சாலையைச் சேராத தனி அமைப்பு. அதன் முடிவை ஏற்காவிட்டால் ஆர்டர் குறையும். நம் பக்கத்திலும் 2021இல் ஓர் இளம் தலித் தொழிலாளி சூப்பர்வைசரால் கொல்லப்பட்ட பிறகு, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பெண்கள் நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதில் முன் நின்றது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகள் கையெழுத்திட்டன. தைக்கிற பெண்களையே பயிற்சி கொடுத்துத் தங்கள் லைனைக் கண்காணிக்க வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு நாள் வருகிறவர் பார்க்காததை அவர்கள் தினமும் பார்த்தார்கள்.

எனவே நீங்கள் மேஜைமேல் இருக்கிற பதிவேட்டைப் பார்த்து முடிக்காதீர்கள். கழிப்பறைக்குப் போக டோக்கன் இருக்கிறதா என்று பாருங்கள். மதியம் தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருந்தால் ஏன் குடிக்கவில்லை என்று கேளுங்கள். ஒன்றுக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் உண்டு. தொழிற்சாலைக்கு வெளியே, அவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் பேசுங்கள். உங்களிடம் ஒருத்தி பேசினால் அவள் பெயர் உங்கள் கைபேசியில்கூட இருக்கக் கூடாது.

கேள்வி (சிறு ஏற்றுமதியாளர்): பழியெல்லாம் எங்கள்மேலேயே விழுகிறது. பையர் வருடா வருடம் விலையைக் குறைக்கிறார், நாளைக் குறைக்கிறார், கூடவே சம்பளத்தை உயர்த்து என்று ஒழுக்கப் புத்தகமும் அனுப்புகிறார். நாங்கள் என்ன செய்வது?

நீங்கள் சொல்வது உண்மை. அதை நீங்களே வெளியே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. விலை குறைந்தால் அது எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். என் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு ஓர் ஆள் வந்து நிற்பார். காலர் வைக்க எத்தனை விநாடி என்று எடுப்பார், அதுவும் லைனிலேயே வேகமான பெண்ணிடம். மறுநாள் அது எல்லோருக்கும் டார்கெட். பையரின் அலுவலகத்தில் ஒரு பீஸுக்குச் சில காசு குறைத்தது, லைனில் நிமிடமாக மாறி வந்து நிற்கும். கடைசி நேரத்தில் நிறம் மாற்றுவார்கள், கப்பல் தேதியை மாற்றமாட்டார்கள். அந்த வித்தியாசத்தை இரவு பத்து மணிவரை உட்கார்ந்து நாங்கள் தைத்திருக்கிறோம்.

2020இல் எல்லாருக்கும் இது வெட்டவெளிச்சமானது. கொரோனா வந்ததும், தைத்து முடித்த சரக்குக்கே பணம் தரமாட்டோம் என்று பெரிய பெயர்கள் ஆர்டரை ரத்து செய்தன. வங்கதேசத்தில் மட்டும் சுமார் 300 கோடி டாலர் ஆர்டர்கள் ரத்தானதாகவோ நிறுத்தப்பட்டதாகவோ உரிமையாளர் சங்கம் கணக்குச் சொன்னது. துணிக்கு நீங்கள் காசு கட்டியிருந்தீர்கள், நாங்கள் உழைப்பைக் கொடுத்திருந்தோம். தொழிலாளர் அமைப்புகள் உலகம் முழுக்கக் கத்தின. அதன் பிறகு பல பிராண்டுகள் பணத்தைக் கொடுத்தன. அந்தக் கத்தலில் உங்களைப் போன்ற முதலாளிகளின் குரலும் கொஞ்சம் கேட்டது. தொடர்ந்து கேட்டிருக்க வேண்டும்.

தனக்குச் சரக்கு செய்து தரும் இடங்களில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று பெரிய நிறுவனமே கவனிக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2017இல் சட்டம் போட்டது. அதே மாதிரியான ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது, அதன் பின் அதைத் தளர்த்தும் வேலையும் தொடங்கிவிட்டது. இந்தச் சட்டங்களின் பெயரில் பையர் உங்களிடம் இன்னொரு படிவம் நீட்டும்போது, உன் விலையில் இந்தச் சம்பளம் கட்டுமா என்று அதே படிவத்தில் எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயம் இருக்கும். சேர்ந்து கேளுங்கள். எங்களைச் சங்கம் வைக்கவிடாமல் தடுத்துக்கொண்டே நீங்கள் மட்டும் சங்கம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அது இதற்குப் பயன்படட்டும்.

ஆனால் எல்லாவற்றையும் பையர் தலையில் கட்டிவிடாதீர்கள். சூப்பர்வைசர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வராமல் இருக்க எந்தப் பையரும் விலை ஏற்றித் தரவேண்டியதில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஷிப்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (வீட்டிலிருந்து வேலை செய்பவர்): ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிறேன். ஜோடிக்கு இவ்வளவு என்று ஏஜெண்ட் தருகிறார். எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று தெரியாது. கூலி ஏற்றிக் கேட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்கிறார். நான் தொழிலாளியா இல்லையா என்றே எனக்குப் புரியவில்லை.

நீங்கள் தொழிலாளிதான் அம்மா. அதில் சந்தேகமே வேண்டாம். 1996இலேயே ஐ.எல்.ஓ. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென்று 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டில் செய்தாலும் மற்ற தொழிலாளிக்கு உண்டான உரிமை உண்டு என்கிறது அது. ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகக் குறைவு. 2019இல் உலகில் 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள் என்றும் அதில் 14 கோடியே 70 லட்சம் பேர் பெண்கள் என்றும் அதே ஐ.எல்.ஓ. கணக்கிட்டது. நீங்கள் தனி ஆள் இல்லை. தனித்தனி வீட்டில் இருப்பதால் அப்படித் தெரிகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து வைத்தது. தோலில் ஊசி இழுத்து இழுத்துக் கட்டைவிரல் ரேகை போய்விட்டது, ரேகை வைக்கிற இடத்தில் மெஷின் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வேலை செய்ததற்கு உங்கள் கையே சாட்சி. காகிதத்திலும் ஒரு சாட்சி வேண்டும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, எத்தனை ஜோடி வந்தது, எத்தனை கொடுத்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது, என்ன கூலி, எத்தனை ஜோடி திருப்பி வந்தது. பிள்ளைகள் யாராவது உதவினால் அந்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள், அதுவும் உழைப்புதான். ஷூவின் உள்பக்கத்தில் எண்ணோ முத்திரையோ இருந்தால் அப்படியே பார்த்து எழுதுங்கள். உங்கள் தெருவில் இன்னும் யார் அதே ஏஜெண்டிடம் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் கூலி கேட்கப் போகும்போது ஒருவராகப் போகாதீர்கள். 1972இல் இலா பட் அகமதாபாத்தில், சுயமாக உழைத்துப் பிழைக்கும் பெண்களுக்காகச் சேவா சங்கத்தைத் தொடங்கியபோது, முதலாளி யார் என்று காட்ட முடியாத உங்களுக்கு எப்படிச் சங்கம் என்று பதிவு செய்யவே மறுத்தார்கள். விடாமல் நின்று பதிவு வாங்கினார்கள். பீடி சுற்றுகிறவர், துணி தைக்கிறவர், தலைச்சுமை தூக்குகிறவர் என்று லட்சக்கணக்கானோர் பிறகு சேர்ந்தார்கள்.

நோட்டில் முதல் மாதம் நிரம்பியதும் எனக்கு எழுதுங்கள். மணிக்கு என்ன விழுகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.